எக்ஸ்ரே அறைக் கதவுக்கு வெளியே மீட்டர் 45 காட்டினால் பயப்பட வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், பிறகு படிப்பவர்களுக்கும் புரியும். நீங்கள் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். இப்போது 4 மாதக் கர்ப்பம். உங்கள் நர்ஸிங் ஸ்டேஷன் எக்ஸ்ரே அறைக் கதவுக்கு நேர் எதிரே இருக்கிறது. பயோமெடிக்கல் இன்ஜினியர் ஒரு கையடக்க மீட்டரைக் கொண்டுவந்து, உள்ளே படம் எடுக்கும்போது கதவுக்கு வெளியே பிடித்துக் காட்டியிருக்கிறார். மணிக்கு 45 மைக்ரோ சீவர்ட் (உடம்பில் சேரும் கதிர்வீச்சுக்கான அலகு) என்று வந்தது. இயற்கையாக எங்கும் இருப்பது மணிக்கு 0.1 முதல் 0.2 வரைதான் என்று கைப்பேசியில் பார்த்ததும் உங்களுக்குப் பகீரென்றிருக்கிறது. நிர்வாகத்திடம் கேட்டால் க்யூஏ (கருவியின் தரச் சோதனை) சான்றிதழைக் காட்டி, ‘எல்லாம் பாஸ்’ என்று அனுப்பிவிட்டார்கள்.

நீங்கள் எழுதியிருப்பது ‘45 அதிகமா?’ என்றுதான். உங்களுக்குத் தெரிய வேண்டியது அதைவிடக் கொஞ்சம் பெரியது: ஒரு எக்ஸ்ரே அறையின் கதிர்வீச்சு அளவை எப்படிச் சரிபார்ப்பது, யார் சொல்வதை நம்புவது, குழந்தைக்கு ஏதாவது ஆகுமா. மருத்துவ இயற்பியல் படித்துவிட்டு எக்ஸ்ரே கருவிகளுக்கு க்யூஏ செய்வதையும், மருத்துவமனைகளில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக இருப்பதையுமே பிழைப்பாக வைத்திருப்பவன் நான். அந்த இடத்திலிருந்து பதில் சொல்கிறேன். உங்கள் அறையை நான் பார்த்ததில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எண்களை எப்படிப் படிப்பது என்று சொல்ல முடியும், உங்கள் கதவு சரியாக இருக்கிறது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சான்று கொடுக்க முடியாது.

முதலில் அந்த 45. மீட்டர் காட்டியது வேகம். ‘இதே அளவு ஒரு மணி நேரம் விடாமல் அடித்தால் 45 மைக்ரோ சீவர்ட் சேரும்’ என்பது அதன் பொருள். ஆனால் எக்ஸ்ரே ட்யூப் ஒரு மணி நேரம் விடாமல் எரியாது, எரிந்தால் உருகிப்போகும். ஒரு மார்புப் படத்துக்குக் கதிர் வருவது ஒரு நொடியில் சிறு பகுதி. சுவிட்சிலிருந்து கையை எடுத்த அந்தக் கணமே கதிர் நின்றுவிடும். அறையிலோ சுவரிலோ நோயாளியின் உடம்பிலோ எதுவும் தங்காது. ஆகவே ஒரு வாரத்தில் மொத்தம் எத்தனை நொடி கதிர் வருகிறது என்று தெரியாமல் 45-ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவோம், கஷ்டமானதல்ல. உங்கள் மருத்துவமனையில் நாளைக்கு 40 படம், வாரம் 6 நாள் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு படத்துக்குச் சராசரியாக 20 எம்ஏஎஸ். (எம்ஏ என்பது ட்யூபில் ஓடும் மின்னோட்டம், மில்லி ஆம்பியரில். அதை நொடிகளால் பெருக்கினால் எம்ஏஎஸ்.) வாரத்துக்கு 4,800 எம்ஏஎஸ் ஆகிறது. மீட்டர் வைத்தபோது கருவியை 100 எம்ஏவில் இயக்கியிருந்தால், 4,800-ஐ 100-ஆல் வகுக்க வேண்டும். 48 நொடி. ஒரு வாரம் முழுக்க அந்த ட்யூப் எரிவது ஒரு நிமிடம்கூட இல்லை. மணிக்கு 45 என்ற வேகத்தில் 48 நொடிக்குச் சேர்வது 0.6 மைக்ரோ சீவர்ட். ஒரு நாளைக்கு 0.1. அதாவது எல்லாப் படத்துக்கும் நீங்கள் அந்தக் கதவை ஒட்டியே நின்றுகொண்டிருந்தாலும், நாள் முழுக்க வந்து சேர்வது, வீட்டில் சும்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் கிடைப்பதற்குச் சமம். 0.2-ஐயும் 45-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதில்தான் பயம் பிறந்திருக்கிறது. 0.2 வருடம் முழுக்க ஓடுகிறது, 45 வாரத்துக்கு 48 நொடி.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் இதற்குப் பொறுப்பு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 1983-இல் அமைக்கப்பட்டது, நாங்கள் எல்லோரும் ஏஇஆர்பி என்றுதான் சொல்வோம். கதிர்வீச்சுப் பணியாளர் அல்லாத பொதுமக்களுக்கு வருடத்துக்கு 1 மில்லி சீவர்ட், அதாவது 1,000 மைக்ரோ சீவர்ட், என்பது எல்லை. அதை 50 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 20 மைக்ரோ சீவர்ட். கதவுக்கு வெளியே, காத்திருக்கும் இடத்தில், பக்கத்து வார்டில் எல்லாம் நாங்கள் சரிபார்ப்பது இந்த 20-ஐத்தான். பழைய அறிக்கைகளில் வாரத்துக்கு 2 மில்லி ராண்ட்ஜன் என்று போட்டிருக்கும், ஏறக்குறைய அதே அளவுதான். உங்கள் எண்களின்படி வருவது 0.6. எல்லையைத் தொட வேண்டுமானால் அந்த 48 நொடியும் கதவுக்கு வெளியே மணிக்கு 1,500 மைக்ரோ சீவர்ட் இருந்தாக வேண்டும்.

இதுவரை சொன்னதில் கூட்டல் பெருக்கல் உறுதி. அதில் போட்ட எண்கள் அவ்வளவு உறுதியில்லை. நாளைக்கு 40 படம், சராசரி 20 எம்ஏஎஸ், 100 எம்ஏ என்பதெல்லாம் நான் வைத்துக்கொண்டவை. எக்ஸ்ரே டெக்னீஷியனிடம் கேட்டு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். அவரிடம் இன்னும் ஒன்று கேளுங்கள்: மீட்டர் வைத்தபோது மேசையில் யாராவது படுத்திருந்தார்களா, அல்லது வெறும் மேசையில் கதிரை அடித்தார்களா? கதவுப் பக்கம் வருவதில் பெரும்பகுதி நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறும் கதிர்தான். மேசை காலியாக இருந்தால் சிதறலும் குறைவு, மீட்டரும் குறைத்துத்தான் காட்டும். அதனால்தான் நாங்கள் சர்வே எடுக்கும்போது மேசையில் தண்ணீர் நிரப்பிய ஒரு ப்ளாஸ்டிக் பெட்டியை வைத்து, கேவியையும் (ட்யூபுக்குக் கொடுக்கும் மின்னழுத்தம்) நன்றாக ஏற்றி வைத்துக்கொண்டு எடுப்போம்.

அதைவிடப் பெரிய சந்தேகம் அந்த மீட்டர்மேல்தான். ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கையடக்க மீட்டர்கள் பெரும்பாலும் கெய்கர் வகை. அவை எக்ஸ்ரே அறைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. இரண்டு பக்கமும் தப்பாகக் காட்டும். எக்ஸ்ரேயில் வரும் குறைந்த ஆற்றல் கதிர்களுக்கு, ஈடுசெய்யும் வடிகட்டி இல்லாத கெய்கர் குழாய் உள்ளதைப்போலப் பல மடங்கு கூட்டிக் காட்டும். மறுபக்கம், மீட்டரின் முள் நிலைக்கு வரச் சில நொடிகள் ஆகும். படம் எடுப்பதோ 0.1 நொடியில் முடிந்துவிடும். முள் எழும்புவதற்குள் கதிர் நின்றுவிடுவதால் உண்மையான வேகத்தில் ஒரு துண்டைத்தான் காட்டும். நேரடிக் கதிருக்குள் வைத்தால் திணறிப்போய் ஒன்றுமே காட்டாமலும் இருக்கலாம். க்யூஏ செய்ய வருபவர் அயனியறை வகை சர்வே மீட்டர் கொண்டுவருவார். அதை, வந்த கதிரை மொத்தமாகக் கூட்டிக் காட்டும் முறையில் வைப்பார், அல்லது ஒரு நொடிக்குக் குறையாமல் எக்ஸ்போஷர் கொடுத்துப் பார்ப்பார். அந்த மீட்டருக்கு அளவீட்டுச் சான்று உண்டு, அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. அறிக்கையில் அந்தத் தேதி இல்லையென்றால் மற்ற பக்கங்களைப் புரட்டாதீர்கள்.

உங்கள் மீட்டர் பத்தில் ஒரு பங்குதான் காட்டியது என்று வைத்துக்கொண்டாலும் வாரத்துக்கு 6 மைக்ரோ சீவர்ட்தான் வருகிறது, 20-க்குக் கீழே. அதனால் ‘ஆபத்தா?’ என்ற கேள்விக்கு, கதவு மூடியிருக்கும்வரை இல்லை என்று தைரியமாகச் சொல்வேன்.

ஆனால் ஒரு க்யூஏக்காரனாக அந்த 45-ஐப் பார்த்தால் வேறொரு கேள்வி எழுகிறது: அது எங்கிருந்து வருகிறது? எக்ஸ்ரே அறைக் கதவில் 1.7 மில்லிமீட்டர் ஈயத்தகடு வைப்பதும், சுவர் 9 அங்குலச் செங்கல்லாக இருப்பதும் வழக்கமான தேவை. 80 கேவியில் சிதறி வரும் கதிரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அந்த ஈயத்தைத் தாண்டாது. மேசையிலிருந்து 3 மீட்டரில், தடுப்பே இல்லாமல் இருந்தால் மணிக்கு 4,000 மைக்ரோ சீவர்ட் அளவில் இருக்கும் என்பது என் தோராயக் கணக்கு. முழுக் கதவுக்கும் ஈயம் இருந்தால் வெளியே 4-க்குக் கீழே வர வேண்டும். 45 வருகிறது என்றால், மீட்டர் மிகைப்படுத்துகிறது, அல்லது எங்கோ இடைவெளி இருக்கிறது.

அந்த இடைவெளிகள் இருக்கும் இடங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. கதவின் அடிவிளிம்புக்கும் தரைக்கும் நடுவே. பூட்டு வைக்க ஈயத்தை வெட்டிய ஓட்டை. கதவுக்கு ஈயம் அடித்துவிட்டு நிலைச்சட்டத்தை விட்டுவிடுவது. எல்லாவற்றையும்விட அடிக்கடி பார்ப்பது மேல்விளிம்பு. ஈயம் மெத்தென்ற உலோகம், கனமும் அதிகம். ப்ளைவுட்டுக்குள் ஆணியடித்தோ பசை தடவியோ நிறுத்திய தகடு வருடக்கணக்கில் தன் எடையாலேயே மெல்லக் கீழே சரியும். வெளியே பார்த்தால் சன்மைக்கா அப்படியே பளபளவென்று இருக்கும், உள்ளே மேலே நான்கு விரல் அகலத்துக்கு ஈயம் இருக்காது. கதவு திறக்கும்போது சமீபமாகக் கீழே உரசுகிறதா, அடியில் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மீட்டரைக் கதவின் நடுவில் மட்டும் பிடித்துவிட்டுப் போகாமல், கீல் ஓரம், பூட்டு ஓரம், தலைக்கு மேல், பாதத்தருகே என்று விளிம்பு முழுக்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரிடத்தில் மட்டும் எண் எகிறினால் காரணம் கிடைத்துவிட்டது. தச்சரைக் கூப்பிட்டுச் சரிசெய்யும் வேலைதான்.

கதவு மூடியிருக்கும்வரை என்று மேலே சொன்னேன். அதைச் சும்மா சொல்லவில்லை. இடுப்பு முதுகெலும்புப் படம் ஒன்றுக்கு நோயாளியின் தோலில் விழுவது சுமார் 5 மில்லி கிரே (உறிஞ்சப்படும் கதிருக்கான அலகு) என்று கொள்வோம். உடலில் பட்டுச் சிதறுவது ஒரு மீட்டர் தள்ளி அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது நாங்கள் கைவசம் வைத்திருக்கும் கணக்கு. அப்படியானால் 1 மீட்டரில் 5 மைக்ரோ கிரே. 3 மீட்டரில் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்து 0.55. எக்ஸ்ரேக்கு கிரேயும் சீவர்ட்டும் ஏறக்குறைய ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாம். முதுகு, வயிறு மாதிரியான படங்கள் நாளைக்கு 10, வாரத்துக்கு 60 என்றால் 33 மைக்ரோ சீவர்ட். வாரத்து எல்லையான 20-ஐத் தாண்டிவிட்டது, கதவைத் திறந்து வைத்திருந்தால். வெயில் காலத்தில் ஏசி வேலை செய்யவில்லை, அடுத்த நோயாளியைக் கூப்பிட வசதி, ஸ்ட்ரெச்சர் வந்துகொண்டே இருக்கிறது என்று எத்தனையோ காரணத்துக்கு அந்தக் கதவு பாதி திறந்து கிடப்பதை நான் பார்க்காத ஊர் இல்லை. ஈயம் எவ்வளவு தடிமன் என்று விசாரிப்பதற்கு முன்னால், படம் எடுக்கும்போது கதவு சாத்தியிருக்கிறதா, மேலே சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள்.

குழந்தையைப் பற்றி. கதிர்வீச்சுப் பணியாளராகப் பதிவான பெண் கருவுற்றது தெரியவந்த பிறகு, மிச்சமுள்ள கர்ப்பக் காலம் முழுக்கக் கருவுக்கு 1 மில்லி சீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது நம் விதி. உங்கள் கதவுக் கணக்கு ஐந்து மாதத்துக்கு 0.02 மில்லி சீவர்ட்கூட வராது. 100 மில்லி கிரேக்குக் கீழே கருவில் உறுப்புக் குறைபாடோ கருச்சிதைவோ கதிரால் கூடுவதாகக் காண முடியவில்லை என்பது சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலைப்பாடு. அந்த அளவுக்கும் உங்களுக்கு வருவதற்கும் ஆயிரக்கணக்கான மடங்கு தூரம். இவை உறுதியாகச் சொல்லக்கூடியவை.

மிகக் குறைந்த அளவில் புற்றுநோய் அபாயம் எவ்வளவு என்பது மட்டும் அறிவியலில் முடிவாகாத விஷயம். 100 மில்லி சீவர்ட்டுக்குக் கீழே கூடுதல் அபாயத்தைத் தெளிவாக அளந்து காட்டுவது கடினம். இருந்தாலும் பாதுகாப்புக்காக, அளவு குறையக் குறைய அபாயமும் நேர்விகிதத்தில் குறையும், ஆனால் பூஜ்யமாகாது என்று வைத்துக்கொண்டுதான் எல்லா விதிகளும் எழுதப்பட்டிருக்கின்றன. உலகச் சராசரியில் ஒருவருக்கு இயற்கையாகவே வருடத்துக்கு 2.4 மில்லி சீவர்ட் வருகிறது. மோனசைட் மணல் உள்ள மணவாளக்குறிச்சிப் பக்கமும், கேரளத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரையிலும் அதைவிட நிறைய. கருநாகப்பள்ளி மக்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2009-இல் வெளியான ஆய்வில், அந்தக் கூடுதல் கதிரால் புற்றுநோய் அதிகரித்ததாகத் தெரியவரவில்லை. இதை வைத்து ‘கதிர் நல்லது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுபவர்களும் உண்டு, அது அந்த ஆய்வு சொல்லாத விஷயம்.

இனி சான்றிதழ். ஏஇஆர்பியின் ஈ-லோரா என்ற இணையதளத்தில் ஒவ்வொரு எக்ஸ்ரே கருவியும் பதிவாகி, இயக்க உரிமம் பெற்றிருக்க வேண்டும். 2 வருடத்துக்கு ஒருமுறையும், ட்யூப் மாற்றுவது மாதிரிப் பெரிய ரிப்பேருக்குப் பிறகும் க்யூஏ செய்ய வேண்டும். அதில் ட்யூப் உறையிலிருந்து கசிவு பார்ப்போம். கொலிமேட்டரை (கதிர் விழும் பரப்பை வெளிச்சத்தால் காட்டி, அதைக் குறுக்கும் பகுதி) முழுக்க மூடிவிட்டு, 1 மீட்டர் தள்ளி நாலாபக்கமும் அளந்து, ஒரு மணி நேரத்துக்கு 1 மில்லி கிரேயைத் தாண்டவில்லை என்று உறுதிசெய்வது. பெரும்பாலான ட்யூப்கள் இதில் எளிதாகத் தேறிவிடும். மக்கள் ‘ரேடியேஷன் லீக்’ என்று பயப்படுவது இதைத்தான், ஆனால் என் அனுபவத்தில் மிக அரிதாகத் தோற்பதும் இதுதான்.

அடிக்கடி தோற்பவை வேறு, அவற்றால் பாதிக்கப்படுவது வெளியே நிற்கும் நீங்கள் அல்ல, மேசையில் படுத்திருப்பவர். செட் செய்த கேவி உண்மையில் வருகிறதா என்பது ஒன்று, 5 கேவிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. மின்னழுத்தம் தள்ளாடும் ஊர்களில், பழைய மொபைல் எக்ஸ்ரே யூனிட்டில் 80 வைத்தால் 68 வரும். படம் வெளுத்துப்போகும். டெக்னீஷியன் பாவம், அவருக்குக் கேவி மீட்டரா இருக்கிறது? எம்ஏஎஸ்ஸைக் கூட்டுவார். கேவி 15 சதவீதம் குறைந்தால் அதே கறுப்பு வர எம்ஏஎஸ் இரட்டிப்பாக வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். நோயாளியின் தோலுக்குப் போகும் அளவும் கூடவே ஏறும்.

இன்னொன்று வடிகட்டி. ட்யூபின் வாயில் ஒரு அலுமினியத் தகடு இருக்கும். படத்துக்கு உதவாமல் தோலிலேயே உறிஞ்சப்பட்டு நின்றுவிடும் மெலிந்த கதிரை அது முன்னாலேயே நிறுத்தும். 100 கேவிக்கு மேல் போகும் கருவியில் மொத்தம் 2.5 மில்லிமீட்டர் அலுமினியத்துக்குக் குறையக் கூடாது. கொலிமேட்டரில் பல்பு மாற்றவோ கண்ணாடி துடைக்கவோ கழற்றியவர் அந்தத் தகட்டைத் திருப்பி மாட்ட மறந்துவிட்டால் என்ன ஆகும்? படத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது, அதுதான் இதில் வில்லங்கம். கண்டுபிடிக்கும் வழி எளிது. 80 கேவியில் ஒருமுறை அளந்துகொள்ள வேண்டும், பிறகு நடுவில் 2.3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடுகளை வைத்து இன்னொருமுறை அளக்க வேண்டும். இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்குக் கீழே போய்விட்டால் கதிர் மெலிந்திருக்கிறது, உள்ளே தகடு காணவில்லை. ஒரு மருத்துவமனையில், ட்யூப் மாற்றியபின் இப்படிக் காணாமல்போன தகடு சர்வீஸ்காரரின் பழைய அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது.

கொலிமேட்டர் வெளிச்சமும் உண்மையான கதிரும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்பதைப் பார்க்க என்னைப் போன்றவர்கள் வரவேண்டியதில்லை. உங்கள் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள், செய்து காட்டுவார். கேசட்டை (படம் பதியும் தட்டு) மேசைமேல் வைத்து, 100 செ.மீ. தூரத்தில் ட்யூபை நிறுத்தி, வெளிச்சச் சதுரம் கேசட்டைவிடச் சிறிதாக விழும்படி வைக்க வேண்டும். சதுரத்தின் நான்கு ஓரத்திலும், ஓரத்தின் இருபக்கமும் ஒன்றையொன்று தொட்டபடி ஒரு ஜோடி ஒரு ரூபாய்க் காசு. அதாவது ஒரு காசு வெளிச்சத்துக்குள்ளே, ஒன்று வெளியே, இரண்டும் தொடும் இடம் சரியாக வெளிச்சத்தின் விளிம்பில். எந்தப் பக்கம் எது என்று தெரிய ஒரு மூலையில் ஒற்றைக் காசு. குறைந்த எம்ஏஎஸ்ஸில் ஒரு படம். கறுப்புப் பகுதி காசுகள் தொடும் இடத்தில் முடிந்தால் சரி. வெளியே இருக்க வேண்டிய காசு முழுதாகத் தெரிந்து அதற்கப்பாலும் கறுப்பு போனால், கதிர் வெளிச்சத்தைவிட வெளியே ஓடுகிறது. 100 செ.மீ. தூரத்துக்கு 2 செ.மீ. வரை பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் சர்வீஸைக் கூப்பிட வேண்டும். குழந்தைக்கு மார்புப் படம் எடுக்கும்போது அந்த இரண்டு செ.மீ. வயிற்றிலோ கழுத்திலோ போய் விழும்.

க்யூஏ அறிக்கை கையில் கிடைத்தால் இவற்றுக்கெல்லாம் அளந்த எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘திருப்திகரம்’ என்று மட்டும் வரிசையாக எழுதியிருந்தால் அது அறிக்கையே அல்ல. இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், தொழில் சகாக்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை: 60 வைத்தால் 60.0, 80 வைத்தால் 80.0, 100 வைத்தால் 100.0 என்று எல்லாமே அச்சுப்போல வந்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பத்து வருடம் ஓடிய கருவி 80-க்கு 78.6 காட்டும், 100-க்கு 97 காட்டும். அதுதான் அளந்த எண்ணின் முகம். வந்தவர் எவ்வளவு நேரம் அறைக்குள் இருந்தார் என்று வாட்ச்மேனைக் கேட்டாலே பாதி உண்மை தெரிந்துவிடும். ஒழுங்காகச் செய்தால் ஒரு சாதாரண எக்ஸ்ரே கருவிக்கே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும்.

அதே சமயம், ஒழுங்கான க்யூஏகூடச் சொல்லாத ஒன்று இருக்கிறது: நோயாளிக்கு ஒவ்வொரு நாளும் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது. நோயாளிக்குச் சட்டத்தில் உச்சவரம்பு கிடையாது, தேவைப்பட்டால் கொடுக்கத்தான் வேண்டும் என்பதால். வழிகாட்டு அளவுகள் மட்டும் உண்டு. சர்வதேச அணுசக்தி முகமையின் 1996-ஆம் வருட வழிகாட்டலில் மார்புப் படத்துக்குத் தோலில் 0.4 மில்லி கிரே, இடுப்பு முதுகெலும்பு முன்பக்கப் படத்துக்கு 10. நல்ல கருவியும் டிஜிட்டல் டிடெக்டரும் இருந்தால் இவற்றுக்கு நன்றாகக் கீழேயே முடியும். ஆனால் ஃபிலிம் காலத்தில் அளவு கூடினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுத்தது. சிஆர், டிஆர் என்ற டிஜிட்டல் முறைகள் வந்த பிறகு இரண்டு மடங்கு கொடுத்தாலும் கம்ப்யூட்டர் சரிசெய்து அழகான படமாகத் தருகிறது, சொல்லப்போனால் புள்ளிகள் குறைந்து இன்னும் அழகாக. டாக்டர் பாராட்டுவார், அளவு மெல்ல மெல்ல ஏறும். படத்தின் ஓரத்தில் டிவியேஷன் இண்டெக்ஸ் என்று ஒரு எண் வரும். 0 என்றால் குறியில் இருக்கிறது, +3 என்றால் இருமடங்கு. அந்த எண்ணைப் பார்த்து வேலை செய்யும் டெக்னீஷியன் இருக்கும் மருத்துவமனை அதிர்ஷ்டம் செய்தது. சிடி பற்றி நீங்கள் கேட்கவில்லை, அது தனிக் கதை.

நீங்கள் கேட்காமல் விட்டதில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஒன்று உண்டு. உங்கள் மருத்துவமனையில் எலும்பு ஆபரேஷன் நடக்கிறதா, தியேட்டரில் சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே காட்டும் கருவி) இருக்கிறதா, உங்களுக்கு அங்கே டியூட்டி போடுகிறார்களா? இருந்தால் கதவை மறந்துவிட்டு அதைக் கவனியுங்கள். எக்ஸ்ரே அறையில் வாரத்துக்கு ஒரு நிமிடம் கதிர் என்றால், ஒரு தொடை எலும்பு நெயிலிங்கிலேயே (எலும்புக்குள் கம்பி பொருத்தும் ஆபரேஷன்) சில நிமிடங்கள் போய்விடும். அதுவும் சுவருக்கு இந்தப் பக்கம், நோயாளியிடமிருந்து ஒரு கை தூரத்தில். அங்கே லெட் ஏப்ரன் கட்டாயம், 0.25 மில்லிமீட்டர் ஈயத்துக்குக் குறையாமல். ஏப்ரனை மடித்துப் போட்டால் உள்ளே விரிசல் விடும், கம்பியில் தொங்கவிட வேண்டும். பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது ட்யூப் இருக்கும் பக்கம் நிற்காமல் டிடெக்டர் இருக்கும் பக்கம் நிற்க வேண்டும், சிதறல் அதிகம் வருவது ட்யூப் பக்கம்தான். வார்டில் மொபைல் எக்ஸ்ரே எடுக்க வந்தாலும் இதே கதைதான். சுவிட்ச் வயர் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி வைத்திருப்பதே டெக்னீஷியன் தள்ளி நிற்கத்தான், நீங்கள் அவருக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்கள். குழந்தையையோ முதியவரையோ பிடித்துக்கொள்ள உங்களைக் கூப்பிட்டால் இப்போதைக்குப் போக வேண்டாம். கர்ப்பமில்லாத உறவினர் ஒருவர் ஏப்ரன் போட்டுக்கொண்டு பிடிக்கட்டும்.

சி-ஆர்ம் தியேட்டரில் வழக்கமாக வேலை செய்பவர் என்றால் உங்களுக்கு டிஎல்டி பேட்ஜ் (அணிந்திருப்பவருக்கு வந்த கதிரை அளப்பது) கொடுத்திருக்க வேண்டும். மார்பில், ஏப்ரனுக்கு உள்ளே போட வேண்டியது, 3 மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குப் போய் எண் வரும். பல இடங்களில் பேட்ஜ் ஏப்ரனிலேயே குத்தப்பட்டு எக்ஸ்ரே அறைக்குள்ளேயே தொங்கும், அப்போது அது அளப்பது அறையை, ஆளை அல்ல. வேறு சில இடங்களில் மேசை டிராயரில் தூங்கும், எல்லா காலாண்டுக்கும் பூஜ்யம் வரும். உங்கள் பெயரில் பேட்ஜ் இருந்தால் கடைசி இரண்டு காலாண்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள், அதைக் காட்ட நிர்வாகம் மறுக்க முடியாது.

நிர்வாகத்திடம் போகும்போது ‘ரேடியேஷன் லீக் ஆகிறது’ என்று போகாதீர்கள், உடனே சான்றிதழைத்தான் நீட்டுவார்கள். ‘கதவின் விளிம்புகளில் சர்வே எடுத்த எண்கள் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன, எந்த கேவி, எந்த எம்ஏவில் எடுத்தார்கள், மேசையில் தண்ணீர்ப் பெட்டி இருந்ததா’ என்று கேளுங்கள். பதிவு பெற்ற ஒவ்வொரு எக்ஸ்ரே மையத்துக்கும் ஒரு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் இருக்க வேண்டும். அவர் பெயரைக் கேட்டு நேரில் பேசுங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஏஇஆர்பியின் தென் மண்டல மையம் சென்னையில் இருக்கிறது, அங்கே எழுதலாம். ஆனால் உங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகுமென்று நான் நினைக்கவில்லை, பெரும்பாலும் கதவுக்கு அடியில் ஒரு ஈயப்பட்டையோடு முடிந்துவிடும். சி-ஆர்ம் டியூட்டி வேண்டாம் என்பதை மட்டும் வாய்வார்த்தையாகச் சொல்லாமல் இப்போதே எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்ட நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வார்டு இன்சார்ஜ் மாறினால் ரோஸ்டரும் மாறும்.